கசிவுக்குப் பின்னால் ஓர் அடைப்பு: பக்கவாதம் வந்த மாமியாரும் பார்த்துக்கொண்ட மருமகளும்

எங்களை அழைத்தது புண்ணுக்காக. பவானி வட்டாரத்தில் ஒரு சிற்றூர். பக்கவாதம் வந்து எட்டு மாதமான 72 வயது அம்மா கட்டிலோடு இருக்கிறார், பிட்டத்தில் தோல் உரிந்துவிட்டது, வந்து கட்டுப் போட வேண்டும் என்று சொன்னார்கள். சிறுநீரும் மலமும் கசிவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்ட பிறகுதான் மருமகள் சொன்னார்: "அது இருக்குதுங்க சிஸ்டர். வயசாயிருச்சு, பக்கவாதமும் வந்துருச்சு. இனி அப்படித்தானுங்களே?"

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர் நான். இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அதைக் கேள்வியாகவே கேட்பதில்லை, முடிவு கட்டித்தான் சொல்கிறார்கள். இந்த நிகழ்வை விரிவாக எழுதுவது அந்த முடிவை மறுப்பதற்காகத்தான். இந்த அம்மா நனைந்து கிடந்ததற்கு வயதும் பக்கவாதமும் மட்டும் காரணமில்லை. தேடினால் கிடைக்கிற காரணங்கள் வேறு இருந்தன. தேடாமல் எட்டு மாதம் டயபர் வாங்கினார்கள், அந்த எட்டு மாதத்தையும் ஒரே ஆள் சுமந்தார். குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீட்டில் பார்த்தது

அந்த அம்மா முன்பு ஜமக்காளம் நெய்தவர். இடப்பக்க மூளையில் அடைப்பு, அதனால் வலது கையும் காலும் பலவீனம். பேச்சும் போய்விட்டது. சொல்வது புரிகிறது, பதில் சொல்ல வார்த்தை வருவதில்லை. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. பிடித்துக்கொண்டால் கட்டிலில் உட்காருவார், இரண்டு பேர் பிடித்தால் நிற்பார்.

தோல் புண் எலும்பு மேட்டில் இல்லை. தொடை இடுக்கிலும் பிட்டத்தின் இரு பக்கமும் பரவலாகச் சிவந்து, மேல்தோல் மட்டும் உரிந்திருந்தது. படுக்கைப்புண் என்று வீட்டில் சொன்னார்கள், ஆனால் அது ஈரத்தால் வந்த புண். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வைத்தியம் வேறு. படுக்கைப்புண்ணுக்கு அழுத்தத்தை எடுக்க வேண்டும். ஈரப்புண்ணுக்கு ஈரத்தை எடுக்க வேண்டும். சிறுநீரும் மலமும் ஒன்றாகச் சேர்ந்து தோலில் கிடந்தால் வெறும் சிறுநீரைவிடச் சீக்கிரம் தோலை அரித்துவிடும். அதன் மேல் முகப்பவுடரைக் கொட்டியிருந்தார்கள். ஈரத்தில் பவுடர் கட்டிகட்டியாகி மடிப்பில் உராய்ந்துகொண்டிருந்தது.

டயபர் நாளைக்கு நான்கு. மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. மகன் விசைத்தறியில் வேலை பார்க்கிறார், அவர் சம்பளத்தில் அது பெரிய பங்கு. அதனால் ஒரு டயபரை ஆறு ஏழு மணி நேரம் மாற்றாமல் வைத்திருந்தார்கள். அடிக்கடி நனைகிறது என்பதால் தண்ணீரை ஒரு நாளைக்கு மூன்று டம்ளராகக் குறைத்திருந்தார்கள். எல்லாக் குடும்பங்களும் செய்வதுதான் இது. அதை விட்டால் வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப் பையை உறுத்தும், மலம் இறுகும், தொற்று சுலபமாக வரும்.

மலம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "பேதிங்க. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியாட்டம் வருது. மருந்துக்கடையில சொல்லி மாத்திரை வாங்கிக் குடுக்கறோம்." கடைசியாக உருவான மலம் எப்போது போனது? மருமகள் யோசித்தார். இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும் என்றார்.

என் கவனம் அந்தப் பதிலில்தான் நின்றது. பிரிஸ்டல் மல அட்டை என்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் 1997இல் வெளியிட்டது. ஆட்டுப் புழுக்கை போன்ற முதல் வகையிலிருந்து வெறும் தண்ணீரான ஏழாம் வகை வரை படமாகக் காட்டும். மூன்றும் நான்கும் நல்லவை. பல நாளாக நான்காம் வகையே போகாத ஒருவருக்கு ஏழாம் வகை கசிகிறது என்றால், அதைப் பேதி என்று எடுத்துக்கொள்ளும் முன் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே கல்லாக இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு மேலே தேங்கிய திரவம் மட்டும் வழியும். அடைப்புதான் பேதி வேடம் போட்டு வருகிறது. அதற்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும்.

தொட்டுப் பார்த்தேன். இடப்பக்க அடிவயிற்றில் கட்டிகட்டியாக மலம். தொப்புளுக்குக் கீழே உருண்டையாக ஒரு வீக்கம், அழுத்தினால் முகம் சுளித்தார். அது சிறுநீர்ப் பை. அன்றே ஸ்கேன் எடுக்கச் சொன்னோம். சிறுநீர் போன பிறகும் பையில் 460 மில்லி மிச்சம் இருந்தது. சாதாரணமாகப் பை முழுதாக நிறையும்போதே 400, 500 மில்லிதான் கொள்ளும். அப்படியென்றால் இந்த அம்மாவுக்குப் பை காலியாகவே இல்லை. தொட்டி நிரம்பி விளிம்பில் வழிவது போல வழிந்துகொண்டிருந்தது.

மாத்திரை மேல் மாத்திரை

மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றையும் எப்போது, யார் எழுதினார்கள் என்று மருமகளோடு உட்கார்ந்து பார்த்தேன். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். புதிதாகக் கசிவு வந்த எந்த முதியவருக்கும் முதலில் செய்ய வேண்டியது மருந்துப் பையைக் கொட்டுவது என்பேன்.

பக்கவாதம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை. இரும்புச் சத்து பலருக்கு மலத்தை இறுக்கும். மூன்றாம் மாதம் கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் எழுதப்பட்டது. சர்க்கரையால் வரும் நரம்பு எரிச்சலுக்கு அது பழைய, மலிவான, பயனுள்ள மருந்துதான். ஆனால் சிறுநீர்ப் பையைச் சுருங்க வைப்பதும் குடலை நகர்த்துவதும் அசிட்டைல்கோலின் என்ற ஒரே செய்தி வேதிப்பொருள். அமிட்ரிப்டிலின் அதைத் தடுக்கும். பை சோர்ந்து போகும், குடலும் சோர்ந்து போகும்.

ஐந்தாம் மாதம் கசிவு அதிகமானது. வேறோர் இடத்தில் காட்டினார்கள். மிச்ச சிறுநீரை அளக்காமலேயே, அடிக்கடி போகிறது என்ற ஒரே அடையாளத்தை வைத்து டோல்டெரோடின் கொடுத்தார்கள். பை அளவுக்கு மீறித் துடிப்பவர்களுக்கு அது நல்ல மருந்து. காலியாகாத பைக்கு அதே மருந்து இன்னொரு பூட்டு. ஆறாம் மாதம் மலம் கசியத் தொடங்கியது, கடையில் பேதியை நிறுத்தும் லோபரமைடு வாங்கினார்கள். ஒரு மருந்து தந்த தொல்லையைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து, பிறகு அதற்கும் ஒன்று. எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தன் கண்ணில் பட்ட பகுதியை மட்டும் பார்த்தார்கள். முழு மருந்துப் பையையும் யாரும் பார்க்கவில்லை.

பக்கவாதத்துக்கும் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. பக்கவாதத்தோடு மருத்துவமனையில் சேர்பவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேருக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு தவறுகிறது. ஆனால் வீடு திரும்பும்போது அது சுமார் 25 சதவீதமாகக் குறைகிறது, ஓராண்டில் 15 சதவீதத்தை ஒட்டி வந்துவிடுகிறது. அதாவது பெரும்பாலானவர்கள் மீள்கிறார்கள். இந்த அம்மா மோசமாகிக்கொண்டே போனார் என்பதே வேறு காரணத்தைத் தேடச் சொல்லும் அடையாளம்.

முதலில் வயிறு

மருத்துவர் அமிட்ரிப்டிலின், டோல்டெரோடின், லோபரமைடு மூன்றையும் நிறுத்தினார். கால் எரிச்சலுக்கு மாற்று மருந்து வந்தது. சிறுநீரில் தொற்று இருந்ததால் அதற்கும் மருந்து. சிறுநீர்ப் பையை ஓய்வெடுக்க விட்டு, சிறுநீர் தானே வடியும்படி பத்து நாளுக்கு டியூப் போடப்பட்டது.

அடைத்த மலத்தை எடுக்க நான்கு நாள் ஆனது. இனிமா, விரலால் மென்மையாக உடைத்து எடுத்தல், பிறகு மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் தூள். விரலால் எடுப்பதை வீட்டில் முயலக் கூடாது. இதய நோயாளிக்கு நாடித்துடிப்பு குறைந்துவிடலாம். விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று மகன் கேட்டார். அடைப்பு இருக்கும்போது குடலை முறுக்கி விடும் எதுவும் வேண்டாம் என்றோம். விழுங்கத் திணறுபவர்களுக்குப் பாரஃபின் எண்ணெய் கலந்த மருந்தும் ஆகாது, புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும். நார்ச்சத்துத் தூளான இசப்கோலும் போதிய தண்ணீர் குடிக்காதவருக்கு உதவாது, அதுவே உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்.

டியூப் போட்ட மூன்றாம் நாளே மருமகள் கேட்டார்: "இது அப்படியே இருக்கட்டுமுங்களா? நேத்து ராத்திரி நான் தூங்குனேனுங்க." அவருக்கு இல்லை என்று பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. சிலருக்கு டியூப்தான் சரி: மருந்தாலும் அறுவையாலும் சரியாகாத சிறுநீர் அடைப்பு, இறுதி நாட்கள், ஆறாத ஆழமான புண். ஆனால் பொதுவாக டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி புதிதாகச் சேர்கிறது. ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் சேர்ந்துவிடும். எடுக்க முடிகிற டியூபை வசதிக்காக விட்டுவைக்கக் கூடாது. அதே சமயம் அவர் தூக்கத்துக்கு வேறு வழி செய்து தராமல் டியூபை எடுப்பதும் நியாயமில்லை. அதனால் எடுக்கும் தேதிக்கு முன்பே இரவு ஏற்பாட்டை முடிவு செய்தோம்.

பத்தாம் நாள் காலை டியூபை எடுத்தோம். மதியம் தானாகப் போனார். மிச்சம் 90 மில்லி.

நேரக் குறிப்பு

அடுத்த மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதச் சொன்னோம்: எப்போது, எவ்வளவு குடித்தார், எப்போது போனார், எப்போது நனைந்தது. மருமகள் எழுதியதைப் பார்த்தபோது ஒழுங்கு தெரிந்தது. காலைக் காபி குடித்து முக்கால் மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை. அந்த நேரத்துக்குக் கால் மணி முன்னால் உட்கார வைத்தால் போதும்.

நோட்டில் இன்னொன்றும் இருந்தது. ஓரத்தில் மருமகளே எழுதியிருந்தார், "கட்டிலைத் தட்டுது" என்று. நனைவதற்குச் சற்று முன் இந்த அம்மா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார். இத்தனை நாளாக அதை அடம் என்று நினைத்திருந்தார்கள். பேச முடியாத ஒருவர் தனக்கு வருகிறது என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இதை மகனிடம் சொன்னபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கமோட் நாற்காலிக்குப் பக்கத்து ஊர்த் தச்சர் உதவினார். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போடுவது ஆபத்து, பாரம் தாங்காமல் கால் விரியும். கைப்பிடி வைத்த மர நாற்காலி, நடுவில் ஓட்டை, கீழே பேசின். அதைப் பலமான இடப்பக்கம் போட்டு, அந்தப் பக்கமாகத் திருப்பி உட்கார வைக்க வேண்டும். காலுக்குக் கீழே ஒரு பலகை, முட்டி இடுப்பைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி. கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் மலம் இறங்கும் பாதை நேராகும். சாப்பிட்டு இருபது, முப்பது நிமிடத்தில் குடல் தானே அசையும். காலைப் பலகாரத்துக்குப் பிறகு உட்கார வைப்பது அதனால்தான்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏழு டம்ளராக உயர்த்தினோம், பெரும்பகுதி மாலை ஆறு மணிக்குள். கீரையும் கம்பங்கூழும் சேர்ந்தன. தோலுக்குப் பவுடரை நிறுத்திவிட்டு, தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, துத்தநாகக் களிம்பு மெல்லிசாக. டயபர் இரவுக்கு மட்டும்.

மருமகள்

அவருக்கு 44 வயது. தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், மாமியார் விழுந்த வாரத்தில் நின்றுவிட்டார். இரவில் ஐந்து ஆறு முறை எழுந்திருப்பார். அக்கம்பக்கத்தார் எழுமுன் விடிகாலையில் பெட்ஷீட் துவைத்துப் பின்புறக் கொடியில் போடுவார். வீட்டில் வாடை வருமென்று யாரையும் வரச் சொல்வதில்லை. சொந்த அக்கா மகள் சீருக்குக்கூடப் போகவில்லை.

பராமரிப்பவரின் சுமையை அளக்க 1980இல் ஸ்டீவன் ஸாரிட் என்ற அமெரிக்கர் உருவாக்கிய கேள்வித்தாள் இருக்கிறது. இன்று பரவலாகப் பயன்படும் வடிவில் 22 கேள்விகள், மொத்தம் 88 மதிப்பெண். அதை வாய்மொழியாகத் தமிழில் கேட்டேன். வந்தது 58. எண்ணை நான் அதிகம் நம்பவில்லை, பதில்களை நம்பினேன். கோபம் வருமா என்ற கேள்விக்கு ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஒரு நாள் ராத்திரி கையை ஓங்கிட்டேனுங்க சிஸ்டர். அத்தை பயந்து முகத்தை மூடிக்கிட்டாங்க. அன்னிக்கிருந்து எனக்கு என்னையே புடிக்கலீங்க."

இதைச் சொல்கிறவரைத் திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார், அந்தக் கை ஒரு நாள் இறங்கிவிடும். தூக்கமில்லாத எட்டு மாதத்தில் யாருக்கும் வரக்கூடியது என்று சொன்னேன். அந்த நேரம் வந்தால் டயபரை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுவிட வேண்டும், ஐந்து நிமிடம் நனைந்திருப்பதால் ஒன்றும் ஆகாது. மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் இன்னொன்று வந்தது. மாமியாரைத் தூக்கும்போது தனக்கும் கசிகிறது என்றார். இருமினாலும் வருகிறதாம். இரண்டு சுகப்பிரசவம், இப்போது தினமும் பாரம் தூக்குதல். பழைய சேலைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருந்தார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே காரணத்துக்காகத் தாகத்தோடு இருந்திருக்கிறார்கள், ஒருவரைப் பற்றி மட்டும்தான் பேச்சே இருந்தது.

இடுப்புத் தளத் தசைக்கான பயிற்சியை ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1948இல் விவரித்தார். காற்றை அடக்குவதுபோல உள்ளிழுத்து, ஐந்து விநாடி பிடித்து, விட வேண்டும். பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. பத்து விநாடி வரை ஏற்றலாம். மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றை இறுக்கக் கூடாது. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். தூக்குவதற்கும் தும்முவதற்கும் முன் ஒரு முறை இறுக்கிக்கொள்வது உடனே உதவும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதை நிறுத்தி, இடுப்பில் அகலமான பட்டை கட்டிப் பிடித்து எழுப்பக் கற்றுக் கொடுத்தோம்.

தூக்கும் வேலையை மகன் எடுத்துக்கொண்டார், காலையும் இரவும். அம்மாவைக் கழுவிவிட அவருக்குத் தயக்கம், அம்மாவுக்கும் கூச்சம். அதை மதித்தோம். உட்கார வைப்பதும் எழுப்புவதும் அவர், கழுவுவது பெண்கள். சத்தியமங்கலத்தில் இருக்கும் மகள் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து தங்குவது என்று பேசி முடித்தார்கள். அந்த ஞாயிறுகளில் மருமகள் வீட்டில் இருக்கக் கூடாது என்பது என் நிபந்தனை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் பராமரிப்பாளர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள். கேரளம் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் கொடுக்கிறது. தொகை சிறியது, ஆனால் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. இந்தக் குடும்பம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குக்கூட விண்ணப்பித்திருக்கவில்லை. அந்த வேலையையும் தொடங்கினோம்.

குழுக் கூட்டத்தில்

ஜூன் மாதம் உலகமெங்கும் சிறுநீர், மலக் கட்டுப்பாடு குறித்த விழிப்புணர்வு வாரம் நடக்கும். அதையொட்டி அந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் பேச வாய்ப்புக் கேட்டேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் ஏற்பாடு செய்தார். இருமினால் யாருக்காவது கசிகிறதா என்று கேட்டேன், ஒரு கையும் உயரவில்லை. பிறகு எல்லோரிடமும் துண்டுச் சீட்டு கொடுத்து, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பெயரில்லாமல் எழுதி மடித்துப் போடச் சொன்னேன். பாதிக்கு மேல் ஆம். அதைப் படித்துக் காட்டியதும் பேச்சு தானாக வந்தது. ஒருவர் பஸ் பயணத்துக்கு முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிடுவதாகச் சொன்னார்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவற்றை அங்கே அழுத்திச் சொன்னேன். சிறுநீரில் ரத்தம். வயிறு வீங்கியும் சிறுநீர் வராமை. கருப்பாக அல்லது ரத்தத்தோடு மலம். காரணமில்லாமல் எடை குறைதலோடு மலப் பழக்கம் மாறுவது. தொடை இடுக்கும் பிட்டமும் மரத்துப்போய்த் திடீரென்று கட்டுப்பாடு தவறினால் அன்றைக்கே, அது முதுகுத்தண்டு நரம்பு நசுங்குவதாக இருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து

பகலில் பெரும்பாலும் நனைவதில்லை. இரவில் ஒரு முறை நனைகிறது. மலம் ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் நான்காம் வகை. தோல் ஆறிவிட்டது. டயபர் நாளைக்கு ஒன்று. மருமகள் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரம் தூங்குகிறார், சுமை மதிப்பெண் 37. அவருடைய கசிவு குறைந்திருக்கிறது, இருமும்போது இன்னும் வருகிறது.

எல்லாம் நேராகப் போகவில்லை. இரண்டாம் மாதம் காய்ச்சலோடு மறுபடியும் சிறுநீர்த் தொற்று வந்தது. இரவு வேலை மாறியதும் மகன் தூக்குவதை விட்டுவிட்டார், திரும்பத் தொடங்க ஒரு சண்டை தேவைப்பட்டது. நாத்தனார் ஆடி மாதம் முழுவதும் வரவில்லை. மருமகளுக்குக் கருப்பை இறக்கம் இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவர் பார்க்க வேண்டும், தேதியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். அடுத்த ஞாயிறு நாத்தனார் வருகிறார், திங்கள் மாலை வரை இருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். திங்கள் காலைக்கு மருமகளுக்கு டோக்கன் போட்டு வைத்திருக்கிறேன்.